இடித்தவர்தான் கொண்டுவர வேண்டும்

ஹாலேவுக்குப் போகிறேன் என்று டிரெஸ்டனில் சொன்னதும், விடுதியில் பக்கத்து அறையில் இருந்த மதுரைக்கார ஆராய்ச்சி மாணவர், "ஓ, ஆர்க்கைவ்ஸ் பாக்கவா? சூப்பருங்க. பழைய தமிழ் லெட்டர்ஸ் எல்லாம் ஒரிஜினலா வெச்சிருக்காங்க," என்றார். இல்லை, அறுவடை முடிந்த வயலில் பழைய கார்களை மோதவிட்டு ஓட்டும் பந்தயம் பார்க்கப் போகிறேன் என்றேன். "அதுக்கு டிக்கெட் வேற எடுக்கணுமா?" என்று கேட்டார்.

நான் கோயம்புத்தூரில் ஷாக் அப்சார்பர்களைச் சோதிக்கும் வேலை செய்கிறேன். புதிய சோதனை இயந்திரம் ஒன்றைப் பழகிக்கொள்ள இரண்டு வாரம் ஜெர்மனிக்கு, டிரெஸ்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். நடுவில் ஒரு வாரக்கடைசி சும்மா கிடந்தது. அது தர்சிகா அக்காவுக்கு என்று கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன்.

அவரை அதுவரை நேரில் பார்த்ததில்லை. பழைய ஷாக் அப்சார்பரைப் பிரித்து எண்ணெய் மாற்றுவது எப்படி என்று நான் ஒரு சின்ன வீடியோ போட்டிருந்தேன். அதன் கீழே அவர் ஆங்கில எழுத்தில் தமிழில் கேட்டிருந்தார்: முழுக்க இடது பக்கமே திரும்பிக்கொண்டிருக்கிற காருக்கு நாலு சக்கரத்துக்கும் ஒரே மாதிரி ஏன் போட வேண்டும்? எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் ஒரு மதியம் முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசினோம். பதில் எழுதினேன். அடுத்த வாரம் இன்னொரு கேள்வி வந்தது. ஒரு வருடம் இப்படியே போயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் வேலை நடக்கிறது, எல்லோரும் இறங்கிப் பேருந்தில் ஏறுங்கள் என்றார்கள். பேருந்து ஓட்டுநருக்கு வழி தெரியவில்லை. முன் இருக்கையில் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணிதான் இடம், வலம் என்று கை காட்டிக்கொண்டே வந்தார். என் பக்கத்தில் இருந்த பெரியவர் மனைவியிடம் சொன்னதை எனக்கும் ஆங்கிலத்தில் சொன்னார்: "ரயில் தாமதமானால் ரயிலைத் திட்டலாம். இப்போது யாரைத் திட்டுவது, அந்த அம்மாவையா?" நம் ஊரில் இதற்குள் பாதிப் பேருந்து எழுந்து வழி சொல்லியிருக்கும். இங்கே நாற்பது பேரும் அந்த ஒருவரை நம்பி அமைதியாக இருந்தார்கள்.

ஹாலே ரயில் நிலைய வாசலில், காரை ஏற்றும் டிரெய்லர் கோத்த வெள்ளை வேன் நின்றது. தர்சிகா அக்கா இறங்கி வந்து கை கொடுத்தார். உயரம் என் தோள் வரைதான். நகக்கண்ணில் மட்டும் போகாத கிரீஸ்.

"வாங்கோ. பஸ்ஸிலை ஏத்திப்போட்டாங்களோ? எல்லாருக்கும் அதுதான் நடக்கிறது," என்றார். வேனுக்குள் எஞ்சின் எண்ணெய் வாசனையோடு மீன் பொரித்த வாசனையும் வந்தது. பின் இருக்கையில் அவருடைய அம்மா, மடியில் குளிர்ப்பெட்டியோடு. வுப்பர்டாலிலிருந்து காலையில் கிளம்பி வந்திருக்கிறார்.

"இதுதானோ அந்தக் கோயம்புத்தூர்ப் பிள்ளை? மெலிஞ்சு போய் இருக்கிறீர். பற்றீஸ் சாப்பிடும்," என்றார் அம்மா, மீன் அடைத்துப் பொரித்த ஒன்றை நீட்டி. அடுத்த இரண்டு நாளும் அவர் எனக்கு வேறு பெயர் வைக்கவில்லை.

ஹாலேவுக்கு வெளியே ஒரு கிராமத்தில், தர்சிகா அக்கா வேலை பார்க்கும் கார் பட்டறைக்கு மேல்தான் வீடு. இரவுச் சாப்பாட்டுக்கு இங்கே அடுப்பு மூட்டுவதில்லை. ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஊறுகாய் போட்ட வெள்ளரி. அம்மா அதற்கு நடுவில் ஒரு டப்பாவைத் திறந்து வைத்தார். தேங்காய்ச் சம்பல். கறுப்பு ரொட்டிக்கும் சம்பலுக்கும் இவ்வளவு பொருத்தம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அங்கேதான் கதையைக் கேட்டேன். கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. தன்னைப் பற்றி அவர் சொல்கிற வாக்கியங்கள் எல்லாம் காரைப் பற்றிய வாக்கியங்களாக முடிந்துவிடும்.

பத்தொன்பது வயதில் வுப்பர்டாலில் கார் மெக்கானிக் அவுஸ்பில்டுங், அதாவது சம்பளத்தோடு கூடிய தொழிற்பயிற்சி. பட்டறை முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் பந்தயம் பார்க்கக் கூட்டிப்போனார். பெண்கள் பிரிவில் ஒரு ஆள் குறைந்தது. யாரோ ஒருவருடைய உடுப்பை மாட்டி இவரை உள்ளே தள்ளினார்கள்.

"பொம்பிளையளுக்குத் தனிக் கார் இல்லை," என்றார் தர்சிகா அக்கா. "ஆம்பிளையள் ரெண்டு ஓட்டம் ஓடி முடிய, மிஞ்சினதைத் தருவினம். நான் முதல் ஓடின காருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் வளைஞ்சு கிடந்தது. மூண்டாம் கியர் மட்டும்தான் விழுந்தது."

"என்ன இடம் வந்தீங்க?"

"ரெண்டாவது. மற்றவைக்கு அந்த மூண்டாம் கியரும் இல்லை."

நான்கு வருடம் அப்படி ஓட்டியிருக்கிறார், ஆண்கள் உடைத்துவிட்டுத் தந்த கார்களை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளைந்திருக்கும். முதல் அரைச் சுற்றுக்குள் எங்கே வளைந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, மீதிச் சுற்றுகளை அதற்கேற்ப ஓட்ட வேண்டும். என் வேலையில் இதற்கு ஒரு இயந்திரமும் ஆறு உணர்கருவிகளும் வேண்டும். பிறகு பழைய கார்க் கிடங்கிலிருந்து சொந்தமாக ஒன்றை வாங்கி, தானே வெல்டிங் செய்து, ஆண்கள் ஓடும் பொதுப் பிரிவில் பெயர் கொடுத்தார். முதல் வருடம் எல்லா ஓட்டத்திலும் கடைசி. இரண்டாம் வருடம் காறை எலும்பு முறிந்தது.

"எனக்கு என்ன சொன்னவள் தெரியுமோ?" என்றார் அம்மா. "வுப்பர்டால் தொங்கு ரயில் படியிலை சறுக்கி விழுந்திட்டன் எண்டு. நானும் ரயில்காரரைத் திட்டிக்கொண்டு திரிஞ்சன். பிறகு கோயில் திருவிழாவிலை ஒரு பொடியன் போனிலை காட்டுறான், அன்ரி, உங்கட மகளெல்லோ, எண்டு. கார் ரெண்டு தரம் உருளுது."

"ஒருக்காத்தான் உருண்டது, அம்மா."

"எனக்கு ரெண்டு தரம்."

அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு பந்தயத்துக்கும் வருகிறார். ஆனால் பார்ப்பதில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஓடுபாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். சத்தத்தை மட்டும் கேட்பார்.

இந்த ஞாயிறு இந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். பொதுப் பிரிவில் மொத்தப் புள்ளியில் முதல் மூன்று பேருக்கு, அடுத்த வருடம் தார் ஓடுபாதையில் நடக்கும் பெரிய போட்டியில் ஓட்ட ஒரு காரும் குழுவும் கிடைக்கும். சொந்தக் காசில் யாரும் அங்கே போக முடியாது. இந்த வயலிலிருந்து இதுவரை எந்தப் பெண்ணும் போனதில்லை. தர்சிகா அக்கா நான்காவது இடத்தில் இருந்தார். மூன்றாவது இடத்தில் உவே என்பவர்.

சனிக்கிழமை முழுவதும் கார். பதினாறு வயசான மூன்று கதவு வண்டி. கண்ணாடி ஒன்றுகூட இல்லை, முன்னால் கம்பி வலை. கதவுகள் வெல்டிங் செய்து மூடியிருந்தன, ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவுக்கு மட்டும் வெள்ளைப் பெயிண்ட். மற்ற எங்கே வேண்டுமானாலும் இடிக்கலாம், அந்த வெள்ளையைத் தொட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். நாலு சக்கரத்திலும் நாலு விதமான ஷாக் அப்சார்பர். நான் எழுதி அனுப்பிய அளவுகளைப் பெருவிரலால் தடவிக் காட்டினார். அந்த வளைந்த தகரத்துக்குள் என் எண்கள் இருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

கல்லூரியில் எங்கள் மாணவர் குழு கட்டிய பந்தயக் காருக்கு நான்தான் சரிபார்ப்புப் பட்டியல் எழுதுவேன். ஓட்டியதில்லை. பட்டியல் நன்றாக எழுதுகிறவளை ஓட்டச் சொல்ல மாட்டார்கள் என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். அன்றும் எழுதினேன். இருக்கை வார், எரிபொருள் குழாய், பிரேக், குளிர்நீர், நட்டுகள் என்று நாற்பத்தொரு வரி வந்தது. தர்சிகா அக்கா பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டு, "வடிவா இருக்கு. ஜெர்மன்காரர் தோத்தாங்கள்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வயலுக்குப் போனோம். கோதுமைத் தாள் இன்னும் காலில் குத்தியது. சுற்றிலும் மண் மேடு, வளைவுகளில் டிராக்டர் டயர்கள். சாணக் கரைசல் தெளிக்கிற தொட்டி வண்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி, தூசி அடங்க ஒருவர் தெளித்துக்கொண்டிருந்தார். நல்ல தண்ணீர்தான் என்று மூன்று பேர் எனக்கு உறுதி சொன்னார்கள். மூக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பந்தய மன்றத்துப் பெண்கள் பெரிய தகரத் தட்டுகளில் கேக் விற்றார்கள். தொத்திறைச்சி வரிசை நீண்டுகொண்டே போனது. அம்மா வேன் கதவைத் திறந்து ரோல்ஸும் பற்றீஸும் எடுத்து வைத்ததும் அந்த வரிசையின் வால் இந்தப் பக்கம் வளைந்தது.

நான் பார்த்த பந்தயங்களில் ஒவ்வொரு அணியும் கொட்டகையைத் தார்ப்பாயால் மூடிக்கொள்ளும். பக்கத்து அணிக்காரன் எட்டிப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். இங்கே தார்ப்பாயே கிடையாது. யாருடைய பெட்டியிலிருந்தும் யார் வேண்டுமானாலும் ஸ்பானர் எடுத்தார்கள்.

முதல் ஓட்டத்தில் தர்சிகா அக்கா உவேயை விட ஓரிடம் முன்னால் முடித்தார். அவரும் அதே மாடல் கார்தான் வைத்திருந்தார், மஞ்சள் நிறம். கூரை ஓடு வேய்கிறவர், ஐம்பது தாண்டியவர். அவர் வயிறு ஜன்னல் வழியாக நுழைவதைப் பார்க்கவே சிறு கூட்டம் கூடும்.

இரண்டாவது ஓட்டத்தில், டிராக்டர் டயர் வளைவில், அதே மஞ்சள் கார் பின்னாலிருந்து இடித்தது. சரியான இடி, விதிக்கு உட்பட்ட இடி. எங்கள் கார் சுழன்று போய் மூக்கால் மண் மேட்டில் குத்தியது. பச்சை நிறத் தண்ணீர் கொட்டியது.

நாற்காலியில் அம்மா திரும்பாமலே, "நிண்டிட்டுது," என்றார். "எங்கட எஞ்சின்தான். பிள்ளை, எழும்பீட்டாளோ?"

"எழுந்துட்டாங்கம்மா. நடந்து வர்றாங்க."

"ரெண்டு காலாலுமோ?"

"ரெண்டு காலாலயும்."

அந்த ஓட்டத்துக்குப் புள்ளி எதுவும் இல்லை. இனி இறுதி ஓட்டத்தில் உவேக்கு முன்னால் முடித்தே ஆக வேண்டும். ரேடியேட்டர் நடுவில் பிளந்திருந்தது. எங்களிடம் மாற்று இல்லை. இறுதிக்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.

நான் நோட்டில் வழிகளை எழுதத் தொடங்கினேன். இரண்டாவது வரியை முடிப்பதற்குள் உவே வந்துவிட்டார், கையில் ஒரு ரேடியேட்டரோடு. கேட்காமல், மன்னிப்பும் சொல்லாமல் எங்கள் காரின் மூக்குக்கு முன்னால் வைத்தார். தர்சிகா அக்காவும் நன்றி சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"இங்கை அப்பிடித்தான்," என்றார் என்னிடம். "ஓடேக்கை இடிக்கலாம். இடிச்சால், உடைஞ்ச சாமானை இடிச்ச ஆள்தான் கொண்டு வரோணும்."

உவே போகும்போது திரும்பிப் பார்த்து ஜெர்மனில் ஏதோ சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: "இதுக்காக என்னை இடிக்காமல் விட்டால், திரும்பக் கழட்டிக்கொண்டு போயிடுவன் எண்டு சொல்லுறார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் இடத்தில் இருக்கிறவர், நான்காம் இடத்துக்காரருக்குத் தன்னிடமிருந்த ஒரே மாற்று ரேடியேட்டரைத் தருகிறார். நான் வளர்ந்த கொட்டகைகளில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: அதில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

"அக்கா, மாட்டறதுக்கு முன்னாடி ஒரு பிரஷர் டெஸ்ட் பண்ணிடலாம். டென் மினிட்ஸ் போதும்."

"தேவையில்லை."

"லிஸ்ட்ல இருக்குக்கா. இருபத்தேழாவது லைன்."

அவர் என்னைப் பார்த்தார். முழங்கை சிராய்த்திருந்தது, கண்ணிமையில் மண். "சரி. கெதியாச் செய்யும்," என்றார்.

ரேடியேட்டரின் இரண்டு வாயையும் அடைத்து, காற்று அடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு அடைப்பான் அளவு சரியில்லை. மூன்று முறை தெறித்தது. ரப்பரை வெட்டிச் சுற்றி மறுபடி அடைத்தேன். எதிரே மஞ்சள் காரின் மேல் சாய்ந்து, காகிதத் தட்டில் ரோல்ஸ் வைத்துத் தின்றுகொண்டே உவே பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது. "டாக்டர், நோயாளி பிழைப்பானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை.

இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது.

மாட்டி, தண்ணீர் ஊற்றி, அக்கா ஜன்னல் வழியாக ஏறும்போது வரிசைக் கொடி ஏற்கனவே இறங்கிவிட்டது. கொடி இறங்கிய பிறகு வருகிறவர் எந்த இடத்தில் நிற்க வேண்டியவராக இருந்தாலும் கடைசியில்தான் நிற்க வேண்டும். ஐந்தாவதாக நிற்க வேண்டியவர் பதினாறாவதாக நின்றார். உவே மூன்றாவது.

"ஸாரிக்கா," என்றேன்.

"பரவாயில்லை. கடைசியிலை நிண்டால் எல்லாற்ரை முதுகும் தெரியும்," என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

பன்னிரண்டு சுற்று. நான் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன், அவர் அந்தப் பக்கம் பார்த்து, நான் இந்தப் பக்கம் பார்த்து. ஒவ்வொரு சுற்றுக்கும் நோட்டில் இடத்தை எழுதினேன், கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்று. முதல் வளைவிலேயே மூன்று கார்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. அக்கா அந்தக் குவியலுக்கு உள்பக்கமாக, ஒரு மாட்டு வண்டி போகும் அளவு இடைவெளியில் போனார். பதின்மூன்று. பன்னிரண்டு. யாரையும் இடிக்கவில்லை. முன்னால் போகிற காரின் பின்சக்கரம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து, அது விலகப் போகிற நேரத்துக்கு அங்கே இருந்தார். வளைந்த கார்களை நான்கு வருடம் ஓட்டியவருக்கு, அடுத்தவர் கார் எங்கே வளைந்திருக்கிறது என்பது தெரிகிறது. ஒன்பது. எட்டு. நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

"கியர் குறைக்கிறாள்," என்றார் அம்மா. "யாரையோ பிடிக்கப் போறாள்."

கடைசிச் சுற்றில் மஞ்சள் கார் ஐந்தாவது, அக்கா ஆறாவது. டிராக்டர் டயர் வளைவு வந்தது. உவே உள்பக்கத்தை மூடினார். வெளியே போனால் நேரம் போதாது. ஒரு நொடி, எங்கள் காரின் மூக்கில் இருந்த அந்த ரேடியேட்டரை நினைத்தேன். அக்கா நினைத்தாரா என்று தெரியாது. பின்பம்பரின் இடது மூலையில், வெள்ளைக் கதவிலிருந்து வெகுதூரத்தில், இடித்தார். மஞ்சள் கார் சுழன்று மண் மேட்டில் குத்தி நின்றது. பச்சைத் தண்ணீர் கொட்டியது.

ஐந்தாவதாக முடித்தார். மொத்தப் புள்ளியில் மூன்றாவது.

ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னார்கள். பிரிவின் நடுவர் உறை ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். அக்கா அதைப் பிரிக்காமல் அம்மாவிடம் நீட்டினார். அம்மா பிரித்து, ஜெர்மனில் எழுத்துக் கூட்டிப் படித்து, "மே மாதம் ஒரு நாள் டெர்மீன் போட்டிருக்கு. வேலை இடத்திலை லீவு கேட்டு வை," என்றார்.

அதற்குள் அக்கா காரின் மூக்குக்கு முன்னால் குனிந்திருந்தார்.

"பத்து நம்பர் ஸ்பானர் கொண்டு வாரும்."

"எதுக்குக்கா?"

"உவேன்ரை ரேடியேட்டர் உடைஞ்சிட்டுது."

"நம்மகிட்ட வேற இல்லையேக்கா."

"இருக்குதே," என்று சுட்டிக் காட்டினார். உவே தந்த அதே ரேடியேட்டர்.

வருடத்தின் கடைசிப் பந்தயம் முடிந்ததும், ஓடக்கூடிய கார்கள் எல்லாம் ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி வரும். வென்றவர், தோற்றவர் என்ற கணக்கு இல்லை, கார் ஓட வேண்டும், அவ்வளவுதான். ரேடியேட்டரைக் கழற்றினால் மூன்றாம் இடம் வந்த எங்கள் கார் அந்தச் சுற்றில் போகாது. இதை நான் சொல்ல வாய் திறந்தேன். அக்கா ஏற்கனவே முதல் போல்ட்டைத் தளர்த்தியிருந்தார். கையுறை மாட்டிக்கொண்டு நான் அடுத்ததைப் பிடித்தேன்.

சூடு ஆறாத ரேடியேட்டரை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போனோம். உவே எங்களை எதிர்பார்த்து, உடைந்ததைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார். வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "சோதித்துவிட்டீர்களா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"நல்லது," என்று சொல்லி மாட்டத் தொடங்கினார்.

கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. ஒன்றுக்கு முன்சக்கரம் வெளியே பார்த்தது, ஒன்று மூன்று சக்கரத்தில் இழுத்துக்கொண்டு போனது. மஞ்சள் காரின் கூரை மேல் தர்சிகா அக்கா உட்கார்ந்திருந்தார், கால்களைத் தொங்கப்போட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்து. நடக்கிற வேகம்தான். உவே ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி அவரைச் சுட்டிக் காட்டிக்கொண்டே ஓட்டினார்.

அம்மா சத்தத்தைக் கவனித்தார். இது அவருக்குப் பழக்கமில்லாத சத்தம். எழுந்து நின்று, நாற்காலியின் முதுகைப் பிடித்து, அதை முழுக்கத் திருப்பிப் போட்டார். ஓடுபாதையைப் பார்த்து உட்கார்ந்தார். மஞ்சள் கார் எங்களைக் கடந்து போயிற்று. அக்கா அம்மாவைப் பார்த்தார், கையை உயர்த்தப் போனவர் அப்படியே மறந்துவிட்டார்.

கார் வளைவில் திரும்பி மறையும்வரை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒவ்வொரு முறையும் இப்பிடி ஓடினால்," என்றார் பிறகு, "நான் பாக்க மாட்டனோ?"